முக்கோணத்துக்குள் ஒரு ஆன்டெனா

ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ ஒரு குட்டிக் கணினி. சட்டைப் பையில் அடங்கிவிடும். பிரிட்டனைச் சேர்ந்த ராஸ்பெர்ரி பை, 2017-இல் இதை 10 டாலர் விலையில் வெளியிட்டது. அதற்கு முன் வந்த 5 டாலர் ஜீரோவில் வைஃபை கிடையாது. டாங்கிள் வாங்கிச் செருக வேண்டும். இதில் வைஃபையும் புளூடூத்தும் பலகையிலேயே இருக்கின்றன.

ஆன்டெனா எங்கே? குச்சியும் இல்லை, கம்பியும் இல்லை. எச்டிஎம்ஐ துளைக்கும் யுஎஸ்பி துளைக்கும் நடுவே, பலகையின் ஓரத்தில், செப்பு நீக்கிய சிறு முக்கோணம் ஒன்று தெரியும். அந்த வெற்றிடம்தான் ஆன்டெனா. அழகான வேலை. ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் உத்தி அது.

அந்த முக்கோணத்தை உலோகம் மூடக் கூடாது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் கருவியை இந்தப் பலகையைக் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். வெயிலுக்கும் மழைக்கும் பாதுகாப்பு என்று அதை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தால், வைஃபை அறுந்துவிடும். பழி பலகை மேல் விழும். பலகையில் பழுதில்லை, டப்பாதான் தடை. உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும். பிளாஸ்டிக் தடுக்காது, காய்ந்த மரமும் அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே பிளாஸ்டிக் டப்பாவே போதும். காங்கிரீட் தளம் சிக்னலைக் குறைக்கும். மாடிப்படி அருகே ரவுட்டர் இருந்தால் நல்லது.

இன்னொன்று. இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால், பக்கத்திலேயே வைத்தாலும் இணையாது.