மலைப் பாதையும் எண்ணெய்க் குழாயும்

கண்டியிலிருந்து இறங்கும் பழைய மோட்டார் வண்டி, 1832இல் எழுந்த டோசன் நினைவுக் கோபுரத்தைக் கடந்ததும் கடுகண்ணாவை வளைவுகள் தொடங்கும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அங்கே சுக்கான் இடையில் கனத்துவிடலாகாது.

1951இல் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த பவர் ஸ்டியரிங், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களைத் திருப்ப உதவுவது. பம்பிலிருந்து பேரழுத்தத்துடன் எண்ணெய் செல்ல ஒரு குழாய். அது திரும்பிவர மற்றொன்று. முன்னதற்குச் சாதாரண இறப்பர் குழாய் தாங்காது. அது வெடித்தால் சுக்கான் கல்லாய்க் கனக்கும். சிந்தும் எண்ணெய் சூடான புகைக்குழாயிற் பட்டால் தீயும் மூளலாம்.

குழாயைப் பொருத்துவோர் இணைப்பின் புரியை முதலில் விரலாலேயே சுழற்றி ஏற்ற வேண்டும்; ஸ்பானர் பின்னரே. குழாய் முறுகலாகாது. சக்கரங்கள் இருபுறமும் முழுமையாகத் திரும்பும்போது அது இழுபடவோ உராயவோ கூடாது. பின்னர் எண்ணெய் வார்த்து, சுக்கானை இருபுறமும் மெல்லத் திருப்பி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடுதல் ஆபத்து. நுண்துளையிற் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைக்கும். ஓர் அட்டைத் துண்டே போதும்.

பழைய வண்டிக்குப் புதுப்பூச்சு பூசுவோர் பலர். மலையிறங்குமுன் குழாயையும் பார்ப்பவரே அதன் உண்மையான காவலர்.