வேகம் சாபமே! – ஆமை சொல்லும் சாட்சி

   

வேகம் வரமா, சாபமா என்பது தலைப்பு. எதிரணியிலே பேசிய அண்ணன், "முயல் மட்டும் தூங்காம ஓடியிருந்தா ஆமை ஜெயிச்சிருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த முயல் தூங்கிச்சு, ஆமை பிழைச்சது. இன்னைக்குக் கடல்லே ஒரு முயல் ஓடுது. மோட்டார் படகுன்னு பேரு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் அது தூங்காது! (கைத்தட்டல்)

கடல் ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே ஆகணும். அதிலும் பச்சை ஆமை, கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் கடற்புல் மேய்கிற ஜீவன். படகு பறக்கிறதும் அதே இடத்துலதான்.

"அதான் ஓடு இருக்கே, என்ன பயம்?" என்பீர்கள். ஓடு என்ன ஹெல்மெட்டா, கழற்றி மாட்ட? (சிரிப்பு) முதுகெலும்பும் விலா எலும்பும் ஒன்றாக இணைந்து வளர்ந்த உயிருள்ள எலும்பு ஐயா அது! படகின் விசிறி அதிலே பட்டால், முதுகுத்தண்டிலேயே வெட்டு விழலாம். ஓட்டுக்கு நேர் கீழே நுரையீரல். அது கிழிந்து காற்று உடம்புக்குள்ளே தங்கிவிட்டால், ஆமையால் முங்க முடியாது. மிதந்துகிட்டே கிடக்கும், அடுத்த படகு வர்ற வழியிலே.

புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமை சொன்னார் வள்ளுவர். நம்ம ஊர்க் குளத்து ஆமை ஆபத்து வந்தால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடல் ஆமைக்கு அந்த வசதியும் இல்லை.

ஆஸ்திரேலியாவிலே பிரிஸ்பேன் நகரத்துக்குப் பக்கத்தில் மோர்ட்டன் விரிகுடா. அங்கே பச்சை ஆமைகள் இருக்கும் இடத்தில் ஆய்வாளர்கள் மூன்று வேகத்தில் படகை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மணிக்கு 4 கிலோமீட்டர், அதாவது நாம நடக்கிற வேகத்தில் போனபோது, 100-க்கு 60 தடவை ஆமை விலகிப் போயிற்று. 11 கிலோமீட்டரில் 22 தடவை. 19 கிலோமீட்டரில் எத்தனை தெரியுமா? வெறும் 4! சைக்கிளை அழுத்தி மிதித்தால் வருகிற வேகம் ஐயா இது!

எதிரணித் தங்கை, "ஆம்புலன்ஸ் வேகமாப் போக வேண்டாமா?" என்று கேட்டாங்க. போகணும்மா! அதுக்குச் சைரன் இருக்கு, கேட்டதும் நாம ஒதுங்குறோம். ஆமையோ காதால் கேட்டு ஒதுங்குவதில்லை, கண்ணால் கண்டுதான் ஒதுங்குகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலங்கின தண்ணியிலே கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? தெரியும்போது படகு தலைமேலே நிற்கும். அதோட, உல்லாசப் படகிலே போறவர் யாரும் பிரசவத்துக்குப் போகலையே அம்மா! (கைத்தட்டல்)

பச்சை ஆமை முட்டையிடும் வயதுக்கு வர 25 வருஷத்துக்கு மேலேகூட ஆகும். ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிக் கல்யாணம் பண்ணி வைக்கிற காலம். அத்தனையும் ஒரு நொடியிலே போயிடுது.

அதே மோர்ட்டன் விரிகுடாவிலே ஆமையும் கடல்பசுவும் மேய்கிற சில பகுதிகளை 'மெதுவாகச் செல்' பகுதிகளாக ஒதுக்கியிருக்கிறார்கள். படகே வராதேன்னு சொல்லலை. மெதுவா வா என்கிறார்கள். பள்ளிக்கூட வாசலிலே நாம வண்டியை மெதுவா ஓட்டுறதில்லையா? அதே நியாயம்தான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு காலம் காலமாச் சொல்லிக்கிட்டிருக்கோம். நாம புகுந்த ஆமை வீடு என்ன கதியாச்சுன்னு யாராவது யோசிச்சோமா? (பலத்த கைத்தட்டல்)

எதிரே வருகிற உயிருக்கு ஒதுங்க ஒரு நொடிகூடக் கொடுக்காத வேகம் சாபமே! அவ்வாறே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.