கைம்பெண்கள் காட்டிய ஆடைகள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



கணவரை இழந்த ஒரு தாயின் வீட்டிற்கு, முப்பதாம் நாள் செபத்திற்காக ஒருமுறை சென்றிருந்தோம். செபம் முடிந்து புறப்படும் நேரத்தில் அந்த அம்மா எங்களை உள்ளே அழைத்துச் சென்று பீரோவைத் திறந்து காட்டினார். கணவருடைய சட்டைகள் பதினொன்று, துவைத்துத் தேய்த்து மடித்தபடியே இருந்தன. "சாமி, இதையெல்லாம் நான் என்ன செய்யட்டும்? பார்த்தா அழுகை வருது. எடுத்துக் கொடுக்கவும் மனசு வரல" என்றார். நமக்கோ அடுத்த வீட்டிற்குப் போகும் அவசரம். "முதியோர் இல்லத்துக்குத் துணி சேர்க்கிறோம் அம்மா, கொடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை. பீரோவை மெதுவாக மூடினார். அவரிடம் பிறகு வருவோம்.

அன்பர்களே, நம் பாட்டிமார் காலத்தில் ஒரு நூல் புடவைக்கு நீண்ட ஆயுள் இருந்தது. முதலில் கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் உடுத்தும் புடவையாக இருந்தது. சாயம் மங்கியதும் வீட்டில் கட்டும் புடவை ஆனது. ஓரம் நைந்ததும் நல்ல பாதியைக் கிழித்து மகளுக்குப் பாவாடை தைத்தார்கள். மீதி, பேரப்பிள்ளைக்குத் தூளி ஆனது. பிறகு தலையணை உறை, அதன்பின் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி. வீட்டில் குழந்தை பிறந்தால் அதன் மேனியைச் சுற்றப் புதுத்துணியைத் தேடமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைத்தான் கிழித்து எடுத்து வருவார்கள். பலமுறை துவைத்த துணி மென்மையாக இருக்கும், பிஞ்சு உடலை உறுத்தாது என்று அவர்களுக்குத் தெரியும்.

துணியைப் பற்றிய இந்த அறிவு நம் ஆண்டவருக்கும் இருந்தது. ஏன் உம் சீடர்கள் நோன்பு இருப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த பதிலை நினைத்துப் பாருங்கள். பழைய ஆடையில் புதுத்துணியை யாரும் ஒட்டுப் போடமாட்டார்கள், போட்டால் கிழிசல் இன்னும் பெரிதாகும் என்றார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இதைப் பதிவு செய்துள்ளனர். இதைக் கேட்டுவிட்டு, 'ஒட்டுப் போடுவதே வீண் வேலை என்கிறாரா இயேசு?' என்று சிலர் எண்ணக்கூடும். அவர் கண்டிப்பது ஒட்டுப் போடுவதை அன்று. தவறாக ஒட்டுப் போடுவதைத்தான்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். தறியில் நூலை இழுத்துப் பிடித்து நெய்கிறார்கள். அந்தத் துணி முதன்முதலாகத் தண்ணீரில் நனையும்போது இழுப்பு தளர்ந்து, துணி சுருங்கும். பழைய ஆடை சுருங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டது. அதன்மேல் நனைக்காத புதுத்துண்டை வைத்துத் தைத்தால், அடுத்த சலவையில் அந்தத் துண்டு மட்டும் சுருங்கும், சுற்றியுள்ள நைந்த துணியைப் பிடித்து இழுக்கும், தையல் ஓரத்திலேயே கிழிக்கும். கொண்டுவரும் இறையாட்சியின் புதுமையைப் பழைய பழக்கங்களின் கிழிசலை மூடும் துண்டாக ஆக்காதீர்கள் என்பதே ஆண்டவர் சொன்னதன் பொருள். அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உவமையோ, ஓர் ஏழை வீட்டின் தையல் மூலையிலிருந்து வந்தது. நாசரேத்து வீட்டில் கிழிந்த ஆடைக்கு யாரோ பொறுமையாக ஒட்டுப் போடுவதை அவர் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும். அது யாராக இருந்திருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த உவமையில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மருமகளைத் திருத்துகிறோம், வளர்ந்த மகனைத் திருத்துகிறோம், குடிக்கும் தம்பியைத் திருத்துகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் நனையாத துணியாகப் போய் ஒட்டிக்கொள்கிறோம். அவர்கள் பட்ட வேதனையில் ஒரு துளிகூட நம்மேல் படவில்லை. அதனால் நம் அறிவுரை இழுக்கிறது, இருந்த உறவும் கிழிகிறது. முதலில் நாம் நனைய வேண்டும். அவர்களோடு அமர்ந்து கேட்க வேண்டும், முடிந்தால் அழ வேண்டும். அதன் பிறகுதான் ஊசியை எடுக்கலாம். அன்று பீரோவின் முன் நின்றபோது இந்தப் பாடத்தை நாமே மறந்துபோனோம்.

இனி, யோப்பா நகருக்கு வருவோம். திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், பாஸ்கா காலத்தின் மூன்றாம் வாரச் சனிக்கிழமை நாம் வாசிக்கும் நிகழ்ச்சி இது. தபித்தா என்ற பெண் சீடர். கிரேக்கத்தில் தொற்கா. பெண் சீடர் என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அந்தச் சிறப்பைப் பெற்றவர், ஊசி பிடித்த ஒரு பெண்மணி. அவர் நோயுற்று இறந்துபோகிறார். உடலைக் கழுவி மாடி அறையில் கிடத்துகிறார்கள். பேதுரு அருகிலுள்ள லித்தாவில் இருப்பதை அறிந்து ஆள் அனுப்புகிறார்கள். அவர் வந்ததும் கைம்பெண்கள் எல்லாரும் அழுதபடி அவரைச் சூழ்ந்துகொண்டு, தபித்தா உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டுகிறார்கள்.

அந்த ஊரில் தபித்தாவின் புகழைப் பேச ஆட்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் பேதுருவின் முன் பேசியவை ஆடைகள்தாம். அக்காலத்தில் ஏழைக்கு மேலாடையே இரவுப் போர்வை. அதனால்தான் அடகாக வாங்கிய மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், கைம்பெண்ணின் ஆடையை அடகாக வாங்கவே கூடாது என்றும் மோசேயின் சட்டம் கட்டளையிட்டது. தபித்தா தைத்துக் கொடுத்தது அந்தப் பெண்களுக்குப் பகலில் மானம், இரவில் கதகதப்பு. அவர் புதுத்துணியில் தைத்தாரா, பழந்துணியில் தைத்தாரா என்று லூக்கா சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு அளவான ஆடை தைக்க வேண்டுமானால் அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் தோளின் அகலம் தெரிய வேண்டும், உயரம் தெரிய வேண்டும், பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது நம்மைத் தலைகுனிய வைக்கும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி, நாகப்பட்டினம் கரையெல்லாம் கதறியது. நாடெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. அந்த அன்பு பெரிது, மறுக்க முடியாது. ஆனால் லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணிகள் சாலையோரங்களில் மலைபோலக் கிடந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் இழந்து நின்றவர்கள் துணியை ஏன் தொடவில்லை? அவர்கள் நேற்றுவரை உழைத்து உண்டவர்கள். பிறர் வேண்டாமென்று கழித்துப் போட்டதை உடுத்த அவர்கள் மனம் ஒப்பவில்லை. கொடுத்தவர்களில் பலர் கொடுக்கவில்லை அன்பர்களே, வீட்டை ஒழித்தார்கள். நாமும் அப்படிச் செய்ததுண்டு. பொத்தான் போன சட்டையைப் பையில் திணித்து, 'ஏழைகளுக்கு' என்று எழுதியதுண்டு.

பழந்துணியைக் கொடுப்பதே தவறு என்பதல்ல. 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்ற அமைப்பு, நகரங்களில் சேரும் பழைய துணிகளைத் தரம் பிரித்து, பழுது பார்த்து, கிராமங்களுக்குக் கொண்டு செல்கிறது. உடுத்த முடியாத நூல் துணிகளைப் பெண்களின் மாதவிடாய் நாள்களுக்கு ஏற்ற அணைத்துணிகளாக மாற்றுகிறது. அதே பழந்துணிதான். நடுவே ஒரு மனிதரின் கையும் நேரமும் மதிப்பும் சேர்ந்தன, அவ்வளவே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலின் 211ஆம் எண்ணில் இதையே சொல்கிறார். ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவது, சரியான நோக்கத்தோடு செய்யப்படும்போது, நம் மாண்பை வெளிப்படுத்தும் அன்புச் செயலாகும் என்பது அவர் கருத்து.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், எல்லாப்பூர், ஹலியாள் பகுதிகளில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மக்கள். அவர்களிடையே இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. அவர்களின் பெண்கள் கிழிந்த ஆடைகளின் துண்டுகளைச் சேர்த்துக் கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, சுற்றிச் சுற்றித் தையல் ஓட்டி நடுவில் வந்து முடிக்கிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவை வடிவத்தையும் வைத்துத் தைப்பதுண்டு. கடைசியாக நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளை வைக்கிறார்கள். அவற்றுக்குப் பூ என்று பெயர். பூ இல்லாத கவந்தி முழுமையடையாது. வறுமையில் தைக்கும் போர்வைக்கும் பூ வைக்க வேண்டும் என்று அந்தத் தாய்மார் நினைத்தார்களே, அந்த மனம்தான் நம்மிடம் இருக்க வேண்டும்.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு செயலைச் செய்வோம். பீரோவைத் திறந்து, உடுத்தாத துணிகளை எடுப்போம். துவைத்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். நைந்த இடம் தெரிந்துவிடும். புடவையில் கால் உரசும் ஓரம் போயிருக்கும், முந்தானை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதில் ஒரு குழந்தைக்குப் பாவாடை வரும். ஆண்களின் சட்டையில் பொத்தான் வரிசையை நடுவில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் சதுரமாக வெட்டி நான்கு பக்கமும் அடித்தால் தலையணை உறை தயார். பொத்தானே வாயாக இருக்கும், ஜிப் வேண்டாம். கிழிந்த ஜீன்ஸில் கடைக்குப் போகப் பை தைக்கலாம். மிச்சமாகும் துண்டுகள் கால்மிதிக்கு ஆகும். ஒட்டுப் போடுவதானால், புதுத்துண்டை முதலில் நனைத்து உலர்த்த மறக்கவேண்டாம். ஆண்டவர் சொன்னது நினைவிருக்கட்டும். தைக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பொத்தான் வைக்கவாவது கற்றுக்கொடுப்போம், ஆண் பிள்ளைகளுக்கும்தான். பிறருக்குக் கொடுப்பதானால், நம் பிள்ளைக்கு உடுத்தி ஞாயிறு திருப்பலிக்கு அழைத்து வருவோமா என்று கேட்டுப் பார்த்துக் கொடுப்போம்.

அந்த அம்மாவிடம் வருகிறோம் என்று சொன்னோம் அல்லவா? கல்லறைத் திருநாளன்று அவர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பை. உள்ளேயிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தார். ஒன்பது சட்டைகளைச் சதுரங்களாக வெட்டி இணைத்துத் தைத்திருந்தார். நடுவில் ஒரு சதுரத்தில் மட்டும் சட்டைப் பையை அப்படியே விட்டிருந்தார். பேனா மை கசிந்த நீலக்கறைகூட அதில் இருந்தது. "பேரன் தாத்தா பையில கைய விட்டுக்கிட்டுத்தான் தூங்குறான் சாமி" என்றார். பிறகு பையிலிருந்து இன்னும் இரண்டு சட்டைகளை எடுத்தார். "இதுங்க நல்லா இருக்கு. காலர் திருப்பி வச்சுத் தச்சுட்டேன். முதியோர் இல்லத்துல அவர் உயரத்துல ஒருத்தர் இருக்கார், பார்த்துட்டு வந்தேன். அவருக்குக் கொடுங்க" என்றார்.

நாம் பேச்சற்று நின்றோம். யோப்பாவில் பேதுரு பார்த்த காட்சி அல்லவா அது? ஒரு கைம்பெண், கண்ணீரோடு, ஆடைகளைக் காட்டி நிற்கிறார். நாம் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்த அறிவுரையை, அவர் பல வாரங்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, அன்பாக மாற்றியிருந்தார். அன்று அவசரப்பட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சாமி, அன்னிக்கு நீங்க சொன்னதும்தான் யோசிக்க ஆரம்பிச்சேன்" என்று நம்மைத் தேற்றினார்.

விவிலியத்தில் முதன்முதலில் தைத்தவர்கள் ஆதாமும் ஏவாளும். தங்கள் வெட்கத்தை மறைக்க அத்தி இலைகளைத் தைத்தார்கள். அது நிற்கவில்லை. பிறகு ஆண்டவராகிய கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்திவிட்டார் என்று தொடக்க நூல் சொல்கிறது. தவறிய பிள்ளைகளைத் தோட்டத்தை விட்டு அனுப்பும் முன்பும் அவர்களுக்கு உடுத்திவிட்டு அனுப்பிய தந்தை அவர். இந்த மறையுரையைக் கேட்கும் யாராவது, 'என் வாழ்வு கிழிந்துபோனது, இனி எதற்கும் உதவாது' என்று நினைத்தால், அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அந்தத் தந்தை இன்னும் உங்களைக் கழித்துப் போடவில்லை. அவர் கையில் உங்களைக் கொடுங்கள்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, தபித்தாவின் கைகளை ஆசீர்வதித்தது போல, தையல் எந்திரத்தின் முன் குனிந்து உழைக்கும் எம் சகோதரிகளின் கைகளையும் ஆசீர்வதியும். நாங்கள் கொடுப்பதை மதிப்போடு கொடுக்கவும், திருத்துவதைக் கண்ணீரோடு திருத்தவும் வரம் தாரும். எங்கள் குடும்பங்களின் கிழிசல்களை உம் திருமகனின் அன்பால் இணைத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.