நான்காவது நட்டைக் கழற்றும் முன்



பழைய வாகனம் வைத்திருப்பவர் அதன் என்ஜினை வீட்டிலேயே இறக்கலாமா, கூடாதா? இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கேள்வி இதுதான். எந்த வாகனம் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. புதிய கார் ஒன்றின் மூடியைத் திறந்தால், பிளாஸ்டிக் உறைக்குக் கீழே எது எங்கே இருக்கிறது என்றே பலருக்குப் புரிவதில்லை. அதன் என்ஜினை வீட்டில் இறக்குவது பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால், ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் பழைய கேம்பர் வேன் வேறு ரகம். படுக்கை, அடுப்பு, சிறு அலமாரி எல்லாம் உள்ளேயே அமைந்த அந்த வேனைப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் இன்றும் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகின்றன. அதன் என்ஜினை வீட்டு முற்றத்திலேயே இறக்கி ஏற்றுகிறவர்களும் அங்கே உண்டு. அவர்களில் பலர் மெக்கானிக் தொழில் படித்தவர்கள் அல்லர்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அதற்கு அந்த வேனின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குள் உதிரிப் பாகங்களை ஏற்றிச் செல்ல, பீட்டல் காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகைத் தட்டு பொருத்திய வண்டிகளை ஓட்டி வந்தார்கள். பென் பொன் என்ற டச்சு இறக்குமதியாளர் அதைப் பார்த்தார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி போன்ற வேனை வரைந்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் என்ஜின், நடுவில் சுமை. அவ்வளவுதான் படம். 1950 மார்ச் 8இல் அதன் தொடர் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் முகாம் வசதிகளைப் பொருத்தித் தரத் தொடங்கியது. ஜெர்மனியில் அந்தப் பழைய வடிவம் 1979இல் நின்றது. பிரேசிலிலோ 2013 டிசம்பர் வரை அது தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. காற்றுப் பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்ற விதி வந்த பிறகுதான் அங்கேயும் விடை கொடுத்தார்கள்.

பீட்டல் காரின் என்ஜினே இந்த வேனுக்கும் இதயம். முதல் வேனில் அது 1131 சி.சி., 25 குதிரைச் சக்தி. இன்றைய சிறிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றுக்கே அந்தச் சக்தி உண்டு! பின்னாளில் அது 1600 சி.சி. வரை வளர்ந்தாலும் அடிப்படை மாறவில்லை. காற்றால் குளிரும் என்ஜின் அது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. கியர் பாக்ஸோடு அதைப் பிணைத்திருப்பவை மேலே இரண்டு போல்ட்டுகள், கீழே இரண்டு நட்டுகள். ஆக மொத்தம் நான்கே பிடிப்புகள். 1968 மாடல் முதல் வந்த வேன்களில் பின்பக்கம் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்று கூடுதலாக இருக்கும்.

இந்த எளிமையை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜான் மியூர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஃபோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று 1969இல் ஒரு நூல் எழுதினார். முழு முட்டாளும் படிப்படியாகச் செய்யலாம் என்று அட்டையிலேயே வேடிக்கையாக அச்சிட்டிருந்தார். பீட்டர் ஆஷ்வாண்டன் வரைந்த கைப்படங்களோடு வந்த அந்த நூலைப் பார்த்துப் பார்த்தே, ஸ்பேனர் பிடித்தறியாத பலர் என்ஜினை இறக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சரி, ஓடுகிற என்ஜினை ஏன் இறக்க வேண்டும்? கிளச் தட்டு தேய்ந்துவிட்டால் வேறு வழியில்லை. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் அது இருக்கிறது. அங்கேயுள்ள எண்ணெய் சீல் கசிந்தாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். பழைய என்ஜின்களுக்கே உரிய இன்னொரு நோயும் உண்டு. 1970 வரை வந்தவற்றில் எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம் காற்று வரும் வழியிலேயே நின்றது. அதனால் அதற்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது சிலிண்டருக்குப் போதிய குளிர்காற்று கிடைக்காது. அந்தச் சிலிண்டரின் புகை வால்வு சூட்டில் நைந்து, ஒருநாள் தலை முறிந்து உள்ளே விழும். என்ஜின் அத்தோடு போச்சு. 1971 மாடலில்தான் அந்தப் பாகத்தைத் தனி அறைக்கு மாற்றினார்கள்.

இறக்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, பின்னால் தெரியும் பெரிய கப்பியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், உள்ளே பேரிங் இருக்கை தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.15 மில்லிமீட்டர்தான். கைக்குத் தெரிகிற ஆட்டம் அதைவிட அதிகம். அப்படியானால் கிளச் மட்டும் மாற்றி என்ஜினைத் திரும்ப ஏற்றுவது வீண் வேலை.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். நான்கு பிடிப்புகள்தானே என்ற அலட்சியம்தான் இந்த வேலையில் முதல் எதிரி. என்ஜின் நூறு கிலோவுக்குச் சற்று அதிகமான எடை கொண்டது. வேனின் எடையோ ஒரு டன்னுக்கும் மேல். என்ஜின் அடிவழியாக வெளியே வர வேண்டுமானால், வேனின் பின்பக்கத்தை நன்றாக உயர்த்தியாக வேண்டும். 1971 வரை வந்த, அகல முன்கண்ணாடி கொண்ட வேன்களில் பின்புறத் தகட்டைக் கழற்றி என்ஜினை நேராகப் பின்னால் இழுத்துவிடலாம். அதற்குப் பிந்தியவற்றில் அந்தத் தகடு உடலோடு ஒட்டியே இருக்கும். கீழே இறக்கித்தான் எடுக்க வேண்டும். உயரம் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

கைப்பிரேக் போட்டிருக்கிறதே, கியரில் நிறுத்தியிருக்கிறதே என்று பலர் தைரியமாக இருந்துவிடுகிறார்கள். இந்த வேனில் கைப்பிரேக்கும் கியரும் கட்டுப்படுத்துவது பின்சக்கரங்களை மட்டுமே! பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது, தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. லேசான சரிவு இருந்தாலும் வேன் முன்னோக்கி நகரும். நகர்ந்தால் முட்டிலிருந்து சரியும். ஆகவே சமதரை வேண்டும். காங்கிரீட் தரையாக இருந்தால் நல்லது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டுகளில் வேனை உட்கார வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி. தாங்குவதற்கு அதை நம்பி ஆள் அடியில் நுழையக் கூடாது. துளையுள்ள சிமெண்டுக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் தவறு. அவை முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நொடியில் பொடியாகிவிடும். ஸ்டாண்டில் நிறுத்திய வேனை வெளியில் நின்றபடியே பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும்.

அடுத்து பெட்ரோல். இந்த வேனில் பெட்ரோல் தொட்டி என்ஜினுக்கு முன்னால், சற்று உயரத்தில் இருக்கிறது. என்ஜினுக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றினால், பெட்ரோல் தானாகவே கீழே வடியத் தொடங்கும். பேட்டரியும் அதே அறையில்தான் இருக்கிறது. முதல் வேலையாகப் பேட்டரியின் பூமி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு குழாயை இறுக்கிக் கவ்வி, கழற்றிய முனையை அடைத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால், அதன் சிறு சுடரே போதும்.

இதில் இன்னொரு சங்கதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீட்டல் வழிவந்த என்ஜினின் உடற்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. மக்னீசியம் தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூட்டிவிடும். பின்னாளில் வந்த 1700 சி.சி. என்ஜினிலிருந்து அலுமினியத்துக்கு மாறினார்கள். ஆகவே, பெட்ரோல் தீ உலோகத்துக்குப் பரவுவதற்குள் அடக்க வேண்டும். பொடி வகைத் தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுக்களையில் இருந்தால் போதாது.

மற்ற கழற்றல்கள் பெரிய வித்தை இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிள், வெப்பக் காற்றுக் குழாய்கள், அவற்றின் கேபிள்கள், சில மின்கம்பிகள். கம்பிகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை. மேல் போல்ட்டுகள்தான் பொறுமையைச் சோதிக்கும். விசிறிக் கூட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நட்டு இருக்கும். ஒருவர் மேலிருந்து கையைத் துழாவி நட்டைப் பிடிக்க, மற்றவர் அடியில் போல்ட்டைத் திருப்ப வேண்டும். எப்படியும் இந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் கூப்பிட ஆள் இருக்கும் என்பதற்காகவாவது வேண்டும்.

கடைசிப் பிடிப்பைக் கழற்றும் முன், சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்று என்ஜினின் எடையை முழுவதும் ஏந்தியிருக்க வேண்டும். கியர் பாக்ஸுக்கும் தனியாக முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு கிளச் தட்டுக்குள் நுழைந்து நிற்கிறது. என்ஜினை ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நேராகப் பின்னால் இழுத்தால்தான் அந்தத் தண்டு விடுபடும். அதற்குள் ஜாக்கியை இறக்கினால் நூறு கிலோ எடையும் அந்தத் தண்டில் தொங்கும். தண்டு வளையும், கிளச் தட்டு நெளியும். கிளச் மாற்றப் போனவர் கியர் பாக்ஸ் வாங்க வேண்டிய நிலைக்கு ஆளாவார்.

'இத்தனை ஆபத்து இருக்கும்போது பட்டறையில் விட்டால் என்ன?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமதரையும் இரும்பு ஸ்டாண்டும் துணைக்கு ஆளும் இல்லாதவர் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை. இவை இருப்பவருக்கோ வீட்டில் செய்வதில் ஒரு பெரிய லாபம் கிடைக்கிறது. மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறை, சொன்ன வேலையை முடித்து என்ஜினை ஏற்றிவிடும். வீட்டுக்காரரோ வெறுமையான என்ஜின் அறைக்குள் விளக்கைப் பிடித்து நிதானமாகப் பார்க்கலாம். எட்டாத இடத்தில் வெடித்துக் கிடக்கும் பெட்ரோல் குழாய் அப்போதுதான் கண்ணில் படும். அதை மாற்ற அதைவிட நல்ல தருணம் வராது.

வெப்பக் காற்றுப் பெட்டிகளையும் அப்போதே பார்க்க வேண்டும். புகைக் குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் இந்த வேன் குளிர்காலத்தில் உள்ளே அனுப்புகிறது. பெட்டிக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்தக் காற்றோடு கலந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்துவிடும். ஓட்டை தெரிந்தால் ஒட்டுப் போடாமல் பெட்டியையே மாற்றுவதுதான் சரி.

எண்ணெய் சீலை மாற்ற ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டு 36 மில்லிமீட்டர் அளவு. திரும்ப முடுக்கும்போது 343 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 35 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இறுக்கம் அது. குத்துமதிப்பாக முடுக்கினால் ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

ஏற்றும்போது அவசரம் ஆகாது. தண்டு கிளச்சுக்குள் நுழைய மறுத்தால், கப்பியை மெல்லத் திருப்பிப் பல்லோடு பல் சேர வைக்க வேண்டும். போல்ட்டை முடுக்கி இழுத்துவிடலாம் என்று முயன்றால் கூடு விரிசல் விடும். என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் பட்டையையும் ஒன்று விடாமல் திரும்பப் பொருத்த வேண்டும். மேலேயுள்ள குளிர்காற்றையும் கீழேயுள்ள சூடான காற்றையும் பிரிப்பவை அவைதான். அலங்காரம் என்று நினைத்து மூலையில் போட்டுவிட்டால், என்ஜின் தன் சூட்டையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கும்.

எல்லாம் முடிந்ததும் தீப்பொறி வராதபடி காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும் வரை என்ஜினைச் சுழற்ற வேண்டும். பிறகு வயரை மாட்டி ஓடவிட்டு, ஒருவர் பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்ரோல் இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். தீயணைப்பான் அப்போதும் கையருகே இருக்கட்டும்.