மாஞ்சோலைக்கு ஒரு வகுப்பறை

பாளையங்கோட்டைக்கு வருகிற விருந்தாளிக்கு நாம் பெருமையாகக் காட்டுவது கல்லூரிகளைத்தான். 1878-இல் பிறந்த தூய யோவான் கல்லூரி, 1895-இல் பிறந்த சாராள் தக்கர் கல்லூரி, 1923-இல் பிறந்த தூய சவேரியார் கல்லூரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ம.தி.தா. இந்துக் கல்லூரி, அபிசேகப்பட்டியில், 1990-இல் பிறந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். காட்டி முடித்ததும் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லாமல் அனுப்ப மாட்டோம். அந்தப் பட்டத்தை இன்று கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஆக்ஸ்போர்டு என்றதும் நமக்குக் கோபுரமும் கறுப்பு அங்கியும் நினைவுக்கு வரும். ஆனால் நம் யோவான் கல்லூரி பிறந்த அதே 1878-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களை வெளியூர்களுக்கு அனுப்பி, கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் பாடம் சொல்லத் தொடங்கியது. 1899-இல் தொழிலாளர்களுக்கென்றே ரஸ்கின் கல்லூரி அந்த ஊரில் எழுந்தது. 1908-இல் ஆர்.எச். டானி என்ற பொருளாதார அறிஞர், பஞ்சாலை ஊரான ராச்டேலுக்கும் பீங்கான் தொழில் நடக்கும் லாங்டனுக்கும் வாராவாரம் போய் வகுப்பெடுத்தார். ஒரு மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் விவாதம், நடுநடுவே கட்டுரை. இப்படி மூன்று ஆண்டுகள். பட்டத்தை இரவல் வாங்கிய நாம் இந்தப் பழக்கத்தை வாங்கவில்லை.

இத்தனைக்கும் இது நமக்கு அந்நியமான பழக்கமல்ல. வாசல் அடைக்கப்பட்டவர்களுக்காகத் திறந்த ஊர் இது. பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலத்தில் பெண்கள் கல்லூரியும், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளிகளும் இங்கே வந்தன. 1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ச. தமிழ்ச்செல்வன் போன்ற எழுத்தாளர்கள் இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் உழைத்தார்கள். பெண்ணுக்குத் திறந்தோம், பார்வையற்ற பிள்ளைக்குத் திறந்தோம். நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளிக்குக் கல்லூரி எப்போது திறக்கும்?

மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது 8,373 ஏக்கர் மலைக்காடு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாக லயன் வீட்டில் இருந்து கொழுந்து பறித்தவர்கள், 1999 ஜூலை 23 அன்று கூலிக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில், தாமிரபரணி ஆற்றில் பதினேழு உயிர் போனது. 2024-இல் எஸ்டேட் நிர்வாகம் விருப்ப ஓய்வுத் தாளை நீட்டி வேலை முடிந்தது என்றது. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. குத்தகை ஆவணம், ஓய்வுத் தாள், பணிக்கொடைக் கணக்கு, வைப்பு நிதி, தீர்ப்பு என அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தவை எல்லாம் காகிதங்கள். அவற்றைப் பிறர் வாயால்தான் கேட்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

பசித்தவனுக்குப் பாடமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, வேலையும் வீடும் முதலில் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கவாத்து வெட்டத் தெரிந்த கைக்குச் சமவெளியில் வேறு தொழில் வேண்டுமென்றால், ஓட்டுநர் உரிமத்திலிருந்து கடன் விண்ணப்பம் வரை எழுத்தும் கணக்கும் குறுக்கே நிற்கின்றன. சோற்றுக்கான வழியே அந்தப் பாடத்துக்குள் இருக்கிறது. அரசுதான் எழுத்தறிவுத் திட்டம் நடத்துகிறதே என்பது இன்னொரு பதில். அது கையெழுத்துப் போடக் கற்றுத்தரும், நல்லது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த படி? எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழியிருக்கிறது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்று கல்லூரிகள் கேட்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் கிராமத்தில் முகாம் போட்டு, கோயில் வளாகம் கூட்டி, மரக்கன்று நட்டுப் படமெடுத்துத் திரும்புகிறோம். (அந்தக் கன்றுகள் என்ன ஆயின என்று கேட்க வேண்டாம்.) அந்த உழைப்பைப் பாடம் சொல்லித்தரத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடியும். சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை எளிய மக்களிடம் கதையும் பாட்டும் சேகரித்துப் பெயர் பெற்றது. அந்த மக்களிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்ட கல்வியுலகம் அவர்கள் கையில் என்ன கொடுத்தது?

மாஞ்சோலைக்காரர்கள் பாளையங்கோட்டை வரை அலைய வேண்டியதில்லை. மலையிறங்கினால் வரும் மணிமுத்தாறுக்குப் பக்கத்திலேயே, பாபநாசத்தில் திருவள்ளுவர் கல்லூரி இருக்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு அறை அங்கே கிடைத்தால், இங்கிருந்து ஆசிரியர்கள் முறைவைத்துப் போய் வரலாம். பாடத்திட்டத்தை நாமே எழுதி எடுத்துப் போக வேண்டாம். முதல் ஞாயிறு வருகிறவர்களைக் கேட்டு, இரண்டாம் ஞாயிறு தொடங்கலாம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் பேருந்துக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு மட்டும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெருமக்கள் இன்று கலைவதற்குள் ஒரு பதில் சொல்லிவிட வேண்டும்.