ஸ்டிக்கர் ஒட்டினா பீம் தாங்குமா?

போன மாசம் ஒரு நண்பர் போன் பண்ணார். அவர் குடியிருக்கும் அப்பார்ட்மெண்டில், கார் பார்க்கிங்குக்கு மேலே இருக்கும் பீமில் விரிசல். பார்க்க வந்த கான்ட்ராக்டர், "கார்பன் பட்டை ஒட்டிடலாம் சார், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்"னு சொல்லியிருக்கார். "கான்கிரீட்டுக்கு ஸ்டிக்கரா? ஏமாத்துறாங்களா?"ன்னு கேட்டார் நண்பர்.

ஏமாத்து இல்லை. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் பக்கத்தில் இபாக் பாலம் இருக்கு. அங்கே சிக்னல் பொருத்தத் துளை போட்டபோது, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த எஃகுக் கம்பிகள் சேதமாகிவிட்டன. 1991-இல் கார்பன் இழைப் பட்டைகளை அடியில் ஒட்டிச் சரிசெய்தார்கள். 175 கிலோ எஃகு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ பட்டை செய்தது.

பாரம் ஏறினால் பீமின் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். இழுப்பைத் தாங்க கான்கிரீட்டால் முடியாது. உள்ளே இருக்கும் கம்பிதான் தாங்குது. வெளியே ஒட்டும் பட்டை அந்தக் கம்பிக்குக் கைகொடுக்குது, அவ்வளவுதான்.

ஆனா பட்டை அறுவதைவிட உரிஞ்சு வருவதுதான் அதிகம். கான்கிரீட்டின் தோலையும் பிய்ச்சுக்கிட்டு, திடீர்னு வரும்.

நேரில் போய் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பல இடங்களில் காலி டப்பாவைத் தட்டின சத்தம். விரிசல் கம்பியை ஒட்டியே நீளமா ஓடுது. கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டை வெளியே தள்ளுது. அதுமேல பட்டை ஒட்டுவது, உதிரும் சுண்ணாம்புச் சுவரில் செலோடேப் ஒட்டின கதைதான்.

அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னேன்: "முதல்ல முட்டு கொடுங்க. தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, துருவை நீக்கி, தேய்ந்த கம்பிக்குப் புதுசு சேர்த்துப் பூசணும். அப்புறமும் பலம் போதாதுன்னு கணக்கு சொன்னா மட்டும் பட்டை." செலவைக் கேட்டதும் பல முகங்கள் சுருங்கின. ஆனாலும் அன்றைக்கே கார்களை நகர்த்தி, முட்டு கொடுத்துட்டாங்க. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இன்னொன்று, தீ. வழக்கமான எபாக்சி பசை சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். அதனால்தான், பட்டை போனாலும் பீம் விழாமல் நிற்கும் அளவுக்குப் பலம் மிச்சமிருக்கணும்னு அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி சொல்லுது.

உங்க வீட்டிலும் யாராவது பட்டை ஒட்டலாம்னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. விரிசல் எதனால வந்தது? ஒட்டப்போற கான்கிரீட்டை இழுத்துப் பார்த்து சோதிச்சீங்களா? பட்டை இல்லைன்னா பீம் நிக்குமா?

மூணுக்கும் பதில் வந்தா, தாராளமா ஒட்டச் சொல்லுங்க.