கடல் கடந்து படித்தவர் கொண்டு வந்தது என்ன?



தோட்டப்புறத்தில் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்றால், அந்த வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "எப்பாடு பட்டாவது மேலே படிக்க வைக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்வார். "அத்தனை தூரம் போய்ப் படித்து என்னத்தைக் கொண்டு வரப் போகிறான்? இங்கேயே ஒரு வேலையில் சேர்ந்தால் குடும்பத்துக்கு உதவுமே" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் அன்பினால் எழுகிற பேச்சுதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு நேரான விடை சொல்ல வேண்டும். அதற்காக, நம் பினாங்கில் பிறந்து ஐரோப்பாவுக்குச் சென்று படித்த ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே. 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை, பிழைப்புத் தேடிச் சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். பிள்ளைகள் நிறைந்த வீடு. சிறுவன் ஜார்ஜ் டவுனில் 1816-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தான். அந்தக் காலத்தில் மகாராணியார் பெயரால் ஓர் உபகாரச் சம்பளம் உண்டு. தேர்வில் முதன்மையாக வருகிறவரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். 1896-இல் அது இவருக்குக் கிடைத்தது. வயது பதினேழு. அவ்வளவு சிறு வயதில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருடைய பெயரே மாறிப் போயிற்று. சீனர் வழக்கத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். வெள்ளையர் வழக்கத்தில் அது பின்னால் வரும். இவர் பெயரைப் பினாங்கின் ஹொக்கியன் பேச்சுப்படி 'ங்கோ லியன் டக்' என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் இருந்த 'டக்' என்பதையே குடும்பப் பெயர் என்று எண்ணி, 'மிஸ்டர் டக்' ஆக்கிவிட்டார்கள்! நம் பிள்ளைகள் வெளிநாடு போனால், அப்பாவின் பெயரைச் சொல்லி மகனை அழைக்கிறார்களே, அதைப் போலத்தான்.

பெயர் எதுவானால் என்ன? படிப்பில் அவர் கவனம் சிதறவில்லை. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். பிறகு இலண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். அதன்பின் லிவர்பூல் நகரம் சென்றார். அங்கேதான் ரொனால்ட் ராஸ் இருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-இல் இந்தியாவில் கண்டு சொன்னவர் அவர். ஜெர்மனியில் ஹாலே நகரத்திலும், பிரான்சில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலும் வூ பயிற்சி பெற்றார்.

இந்த இடங்களிலெல்லாம் அவர் கற்றுக்கொண்டது என்ன? நோய்களின் பெயர்களும் மருந்துகளின் பெயர்களும் புத்தகத்திலேயே கிடைக்கும். அங்கே அவர் பழகியது ஒரு வழக்கம். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பிவிடாமல், தானே பார்ப்பது, சோதிப்பது, மறுபடியும் பார்ப்பது. இந்த வழக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் பல உயிர்களைக் காப்பாற்றப் போகிறது.

வூவுக்கு உபகாரச் சம்பளம் இருந்தது. பணக் கவலை அவ்வளவாக இல்லை. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லையே! அவருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1882-இல், மணிலாவிலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூர் வழியாக ஐரோப்பா போன ஒரு பிலிப்பினோ மாணவர் இருந்தார். அவர்தான் ஹோசே ரிசால். அவருடைய குடும்பம், பாதிரிமார்களுக்குச் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்ட குடும்பம். அண்ணன் பாசியானோ கரும்புக் காட்டைக் கவனித்துக்கொண்டு, தம்பிக்குப் பணம் அனுப்பினார். கரும்பு விளைச்சல் குறைந்தால், மாட்ரிட் நகரத்தில் தம்பியின் சாப்பாடும் குறையும். 1884 ஜூன் மாதத்தில், கிரேக்க மொழிப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய நாளில் கூட அவர் வயிற்றுக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தார். அதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இருந்தும் அவர் படிப்பை விடவில்லை. தாய்க்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஆகையால் பாரிசிலும், ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்திலும் கண் மருத்துவத்தைக் கற்றார். பின்னர் அந்தத் தாயின் கண்ணுக்குத் தம் கையாலேயே சிகிச்சை செய்தார். தம் நாட்டு மக்களின் துன்பத்தையும் கதையாக எழுதினார். அதைப் பொறுக்காத ஸ்பானிய அரசு 1896 டிசம்பர் 30-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றது. நம் பினாங்குப் பிள்ளை கேம்பிரிட்ஜில் காலடி வைத்ததும் அதே ஆண்டில்தான்.

இனி வூவின் கதைக்கு வருவோம். 1903-இல் அவர் தாயகம் திரும்பினார். இவ்வளவு படித்தவருக்கு அரசாங்க மருத்துவத் துறையில் உயர்ந்த பதவி கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடைக்கவில்லை. அந்தப் பதவிகள் வெள்ளையருக்கு மட்டுமே என்பது அன்றைய நடைமுறை. ஆகவே, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு ஆய்வு செய்தார். எதைப் பற்றித் தெரியுமா? பெரிபெரி நோயைப் பற்றி.

இன்றைய இளையோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். கிருமியா, நஞ்சா, ஈரக்காற்றா என்று மருத்துவர்கள் திகைத்தார்கள்.

அப்போது ஒரு விந்தை அவர்கள் கண்ணில் பட்டது. அதே நாடு, அதே வெயில், அதே மழை; ஆனால் தமிழ்த் தொழிலாளர்களை மட்டும் இந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை! நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இதற்குக் காரணம் அரிசிதான் என்று எழுதினார். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. 1907-இல் தொடங்கி, பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசி. மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. தீட்டிய அரிசி உண்டவர்களிடையே நோய் கண்டது. புழுங்கல் உண்டவர்களுக்குக் காணவில்லை.

காரணம் பிற்பாடு தெளிவாயிற்று. நெல்லின் தவிட்டில் வைட்டமின் பி-1 என்னும் சத்து இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அந்தச் சத்து அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு உமியும் தவிடும் போனாலும் சத்து முழுவதும் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினாலோ எல்லாம் தவிட்டோடு போய்விடும்.

தாய்மார்களே, இதை எண்ணிப் பாருங்கள். நெல்லை அவித்துக் குத்திய நம் பாட்டிமாரிடம் மருந்து இருந்தது. ஆனால் அது மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. படித்த மருத்துவர்களிடம் சோதிக்கும் வழி இருந்தது. ஆனால் எதைச் சோதிப்பது என்று முதலில் புரியவில்லை. அடுப்படியும் ஆய்வுக்கூடமும் சந்தித்தபோதுதான் விடை பிறந்தது.

பின்னர் வூ பினாங்கு சூலியா தெருவில் தனி வைத்தியம் தொடங்கினார். அபின் பழக்கத்தினால் சீர்குலைந்த குடும்பங்களைக் கண்டு, அபினை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அரசுக்கும் வியாபாரிகளுக்கும் அபினால் நல்ல வருமானம். ஆகவே பகை வளர்ந்தது. 1907-இல், உரிமமில்லாமல் மருந்தகத்தில் அபின் தைலம் சிறிதளவு வைத்திருந்தார் என்று அவர் மீதே வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள்! மனம் நொந்த அவர், அழைப்பு வரவே 1908-இல் சீனா சென்றார்.

1910-ஆம் ஆண்டு இறுதியில், வட சீனாவின் ஹார்பின் நகரத்தில் கொடிய கொள்ளைநோய் பரவியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். வூ தாமே ஒரு சடலத்தை அறுத்துப் பார்த்தார். நோய் நுரையீரலில் இருந்தது. அப்படியானால் இருமல் வழியாகக் காற்றில் பரவுகிறது என்று முடிவு செய்து, வலைத்துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் செய்து அணியச் சொன்னார். அதை ஏற்காத மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் கவசமின்றி நோயாளிகளிடம் போய், சில நாளில் அதே நோயால் இறந்தார். சுமார் 60,000 பேரைப் பலி கொண்ட அந்த நோய், 1911 மார்ச் அளவில் அடங்கியது. 2020-இல் கோவிட் பரவியபோது நாம் எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டோமே, அந்தப் பாடத்தை அன்றே நடத்திக் காட்டியவர் நம் பினாங்குக்காரர்.

1937-இல் மலாயாவுக்குத் திரும்பிய அவர் ஈப்போவில் வைத்தியம் பார்த்தார். 1960 ஜனவரி 21-ஆம் நாள் பினாங்கில் காலமானார்.

இப்போது அந்தக் கேள்விக்கு விடை சொல்லலாம். தூரம் போய்ப் படித்தவர் கொண்டு வந்தது பட்டம் மட்டுமா? பட்டம் அவருக்கு அரசாங்கப் பதவியைக் கூடத் தேடித் தரவில்லை. "தானே பார்த்து அறிவது" என்ற வழக்கம்தான் கடைசிவரை அவரோடு நின்றது.

அந்த வழக்கத்தின் முதல் பாடத்துக்குக் கப்பலேற வேண்டியதில்லை. அதை நம் வீட்டிலேயே தொடங்கலாம். "இந்த மரத்தில் மட்டும் ஏன் பால் குறைகிறது? சோறு ஏன் புளிக்கிறது?" என்று பிள்ளை கேட்டால், "அதெல்லாம் அப்படித்தான், போ" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு மேலே படிக்கும் வாய்ப்பு வரும்போது, அது பினாங்கிலேயே 1969 முதல் இயங்கிவரும் அறிவியல் பல்கலைக்கழகமானாலும் சரி, கடல் கடந்த கல்லூரியானாலும் சரி, மனம் துணிந்து அனுப்புங்கள். பாசியானோவைப் போல வீட்டில் ஒருவர் தோள் கொடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். எங்கே போய்ப் படித்தாலும், படித்த கண்ணோடு ஒரு முறை உங்கள் வீட்டு அடுப்படியைத் திரும்பிப் பாருங்கள். உலகம் தேடிக்கொண்டிருக்கும் விடை அங்கேயே கூட இருக்கலாம்.